பழைய கேமுக்குப் புதுப் பூட்டு: போடுவதா, விடுவதா, கழற்றுவதா?

2024 ஜனவரியில் கேப்காம் என்ற கேம் நிறுவனம் தன்னுடைய 'ரெசிடென்ட் ஈவில் ரெவலேஷன்ஸ்' கேமுக்கு, கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடை வழியாக, ஓர் அப்டேட் விட்டது. அந்த கேம் பிசிக்கு வந்தது 2013-இல். இத்தனை வருஷம் கழித்து என்ன புதுசு என்று ஆவலோடு திறந்தவர்கள் கண்டது, எனிக்மா என்ற, திருட்டு நகலைத் தடுக்கும் மென்பொருள் பூட்டு உள்ளே ஏறியிருந்ததைத்தான். மோட்கள் (ஆடுபவர்களே எழுதிச் சேர்க்கும் மாற்றங்கள்) வேலை செய்யவில்லை, ஆட்டம் திணறுகிறது என்று புகார்கள் குவிந்தன. கேப்காம் அப்டேட்டைத் திரும்பப் பெற்றது. ஆனால் பூட்டே வேண்டாம் என்று சொல்லிப் பெறவில்லை. சிக்கலைச் சரிசெய்துவிட்டு மறுபடி விடுவோம் என்றுதான் அறிவித்தது.

பழைய கேமை வைத்திருக்கும் ஒரு பதிப்பாளருக்கு, அதாவது கேமை வெளியிட்டு விற்கும் நிறுவனத்துக்கு, முன்னால் உள்ள வழிகள் மூன்று. புதுப் பூட்டு போடலாம். இருக்கிற பழைய பூட்டை அப்படியே விட்டுவிடலாம். அல்லது கழற்றிவிடலாம். மூன்றையும் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் யூகத்துக்கு அவசியமில்லை, நடந்ததை வைத்தே எடை போடலாம்.

முதலில், பூட்டு போட்டால் கேமின் உள்ளே என்ன ஆகிறது என்று பார்த்துவிடுவோம். கேமை இயக்கும் இ.எக்ஸ்.இ கோப்பை எனிக்மா போன்ற மென்பொருள் மறைகுறியாக்கிச் சுருட்டி வைத்துவிடும். கேமைத் திறக்கும்போது அது கணினியின் நினைவகத்தில்தான் பிரியும். மோட் எழுதுபவர்கள் செய்வது இதற்கு நேர் எதிரான வேலை. கோப்பில் இன்ன இடத்தில் இந்த வரிசையில் இந்த பைட்டுகள் இருக்கும், அங்கே போய் எழுத்தளவைத் தீர்மானிக்கும் எண்ணை மாற்று என்று மோட் சொல்லும். பூட்டு விழுந்த பிறகு அந்த இடத்தில் அந்த வரிசை இருக்காது. மோட் தேடும், கிடைக்காது, நின்றுவிடும். டெனுவோ இன்னொரு தினுசு. உங்கள் கணினியின் வன்பொருளை அடையாளம் கண்டு, சர்வரிலிருந்து ஓர் அனுமதிச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளும். வன்பொருள் மாறினால் புதுச் சீட்டு வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து சீட்டுக்கு மேல் கிடைப்பதில்லை. ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கணினி லினக்ஸில் ஓடுவது, விண்டோஸ் கேம்களை அதில் ஓட்ட உதவும் மென்பொருள் புரோட்டான். அந்தப் புரோட்டானின் பதிப்புகளை மாற்றி மாற்றிச் சோதித்தவர்கள் இதில் மாட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு பதிப்பையும் புதுக் கணினி என்று எண்ணிக்கொண்டு, டெனுவோ வாங்கியவரையே ஒரு நாள் முழுக்க வெளியே நிறுத்திவிடும்.

என் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அக்காவுக்குப் பார்வை குறைவு. அவள் விரும்பி ஆடும் ஒரு பழைய சாகச கேமில் வசன எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். பதிப்பாளர் கடைசிவரை அதைச் சரிசெய்யவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் எழுத்தைப் பெரிதாக்கும் மோட் ஒன்றை எழுதி இலவசமாகக் கொடுத்திருந்தார். ஒரே ஒரு டி.எல்.எல் கோப்பு, கேம் இருக்கும் ஃபோல்டரில் போட்டால் போதும். இரண்டு வருஷம் நன்றாக ஓடியது. ஒரு நாள் காலையில் அப்டேட் தானாக இறங்கியிருந்தது. அக்கா கேமைத் திறந்தாள், மறுபடியும் எறும்பு எழுத்து. அப்டேட் குறிப்பில் 'சிறு மேம்பாடுகள்' என்று ஒரே வரி. பூட்டு என்ற சொல்லே அதில் இல்லை. மோட் எழுதியவர் அந்த கேமை விட்டு எப்போதோ போய்விட்டிருந்தார்.

ஆகவே மோட்களைப் பற்றிப் பதிப்பாளர்கள் பேசும் விதம் எனக்குக் கோபத்தைத் தருகிறது. மென்பொருளின் கண்ணோட்டத்தில் மோட்டுக்கும் ஏமாற்றுக் கருவிக்கும் வித்தியாசம் இல்லை என்று கேப்காம் 2023-இல் தன் தொழில்நுட்ப உரை ஒன்றில் சொன்னது. நிரலின் கோணத்தில் அது சரியாகவே இருக்கலாம், இரண்டும் கோப்பை மாற்றத்தான் செய்கின்றன. ஆனால் தனியாக உட்கார்ந்து கதை ஆடும் ஒருத்தி எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டால் ஏமாந்தவர் யார்?

புதுப் பூட்டுக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு. 'கோஸ்ட்வயர்: டோக்கியோ' 2022 மார்ச்சில் டெனுவோ இல்லாமல் வந்தது. ஒரு வருஷம் கழித்து, 2023 ஏப்ரலில், 'ஸ்பைடர்ஸ் த்ரெட்' என்ற பெரிய அப்டேட்டோடு டெனுவோவும் சேர்ந்து வந்தது. புதிதாக உழைத்துச் சேர்த்த பகுதிகளுக்குக் காவல் கேட்பது நியாயம்தானே என்று கேட்டால், கேள்வியில் பொருள் இருக்கிறது. ஆனால் ஒரு வருஷமாகப் பூட்டில்லாமல் விற்ற பதிப்பு ஏற்கெனவே உலகம் முழுக்கப் பரவிவிட்டது. திருட்டு நகல் ஆடுபவர் அதையே ஆடிக்கொள்வார். காசு கொடுத்து வாங்கியவர் மட்டும் புதுப் பதிப்புக்குத் தள்ளப்படுவார். ரெவலேஷன்ஸ் மாதிரி கேம்களுக்கோ இந்த வாதமே பொருந்தாது. காவல் காக்க அங்கே புதுப் பகுதி எதுவும் இல்லை.

வருமானக் கணக்கும் இதையேதான் சொல்கிறது. 2014 முதல் 2022 வரை டெனுவோவோடு வந்த 86 கேம்களை எடுத்துக்கொண்ட ஓர் ஆய்வு, 2024-இல் 'என்டர்டெயின்மென்ட் கம்ப்யூட்டிங்' என்ற ஆய்விதழில் வந்தது. வெளியான முதல் வாரத்திலேயே பூட்டு உடைந்தால் வருமானத்தில் சுமார் 20 சதவீதம் போகும் என்று அது கணக்கிடுகிறது. இதைப் பூட்டுக்கு எதிரானவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடக் கூடாது. புது கேமுக்குப் பூட்டு உண்மையிலேயே காசைக் காக்கிறது. ஆனால் அதே ஆய்வு, 12 வாரம் தாண்டிவிட்டால் பூட்டு உடைந்தாலும் இழப்பு ஏதும் இல்லை என்கிற அளவுக்குத்தான் இருக்கிறது என்றும் சொல்கிறது. 12 வாரத்துக்கு மேல் பயன் தராத ஒன்றைப் பத்து வருஷக் கேமில் ஏற்றுவதற்கு வியாபாரக் காரணம் என்ன என்று எனக்குப் புரியவில்லை.

பூட்டு வேறு, ஏமாற்றுத் தடுப்பு வேறு. முன்னது திருட்டு நகலைத் தடுப்பது, பின்னது ஆட்டத்தில் மோசடி செய்பவரைத் தடுப்பது. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம் என்பதால் இதையும் தொட்டுவிடுகிறேன். 2015-இல் பிசிக்கு வந்த ஜி.டி.ஏ 5-க்கு 2024 செப்டம்பரில் ராக்ஸ்டார் பேட்டில்ஐ என்ற தடுப்பைச் சேர்த்தது. ஆன்லைனில் ஏமாற்றுக்காரர்களின் அட்டகாசம் தாங்க முடியாத அளவுக்குப் போயிருந்தது, தடுப்பு வேண்டும் என்று ஆடுபவர்களே கேட்டார்கள். கதையை மட்டும் ஆடுபவர் அதை அணைத்துவிட்டு ஆடலாம். இதை நான் ஏற்கிறேன். ஒரு குறை, ஸ்டீம் டெக் வைத்திருப்பவர்களுக்கு ஆன்லைன் ஆட்டம் போய்விட்டது. லினக்ஸில் பேட்டில்ஐ இயங்கும், பதிப்பாளர் அனுமதித்தால் போதும். அந்த அனுமதியைத்தான் தரவில்லை. இதற்கு மாறாக, 2020 மே மாதம் 'டூம் எடர்னல்' கேமில் டெனுவோவின் ஏமாற்றுத் தடுப்பைச் சேர்த்தபோது தனியாக ஆடுபவர் தலையிலும் அது விழுந்தது. எதிர்ப்பு வெடித்ததும் அடுத்த அப்டேட்டிலேயே எடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது வழி, எதையும் தொடாமல் விடுவது. கேட்க நல்லபடியாக இருக்கும். ஆனால் பூட்டு துருப்பிடிக்கும். சேஃப்டிஸ்க், செக்யூரோம் பூட்டு போட்டு சிடி வட்டில் விற்ற பழைய கேம்கள் பல விண்டோஸ் 10-இல் ஓடாது என்று 2015-இல் மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. சேஃப்டிஸ்க் பயன்படுத்திய ட்ரைவர் விண்டோஸின் அடிமட்டம் வரை போய் உட்காரும் வகை, பாதுகாப்பு ஓட்டையாகிவிட்டது. அதே வருஷம் செப்டம்பரில் வந்த பாதுகாப்பு அப்டேட் விஸ்டா, 7, 8 பதிப்புகளிலும் அதை முடக்கியது. வட்டில் கீறல் இல்லை, வாங்கியவர் மீது தவறில்லை, ஆனாலும் கேம் திறக்காது.

ஜி.டி.ஏ 4-இன் கதை இன்னும் பரிதாபம். அது மைக்ரோசாஃப்டின் 'கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ்' சேவையோடு கட்டப்பட்டது. சேவை கைவிடப்பட்ட பிறகு புது உரிமக் குறியீடு உருவாக்கவே வழியில்லாமல் போக, 2020 ஜனவரியில் ஸ்டீமில் விற்பனை நின்றது. மார்ச்சில் 'கம்ப்ளீட் எடிஷன்' என்று திரும்பி வந்தபோது மல்டிபிளேயர், அதாவது பலர் சேர்ந்து ஆடும் வசதி, இல்லை.

துருப்பிடித்த பூட்டைத் திறக்கப் பதிப்பாளர்களே என்ன செய்தார்கள் தெரியுமா? 2008-இல் யுபிசாஃப்ட், 'ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2' கேமை வட்டில்லாமல் ஆட ஒரு பேட்ச் (திருத்தக் கோப்பு) கொடுத்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது ரீலோடட் என்ற, பூட்டை உடைக்கும் 'கிராக்' குழுவின் கோப்பு. ஸ்டீமில் விற்ற 'மேன்ஹன்ட்' கேமிலும் ரேசர்1911 குழுவின் கிராக் இருந்தது. அந்தக் கிராக் வெளிப்பூட்டைத்தான் திறந்தது. திருட்டு நகலைப் பிடிக்கக் கேமுக்குள் வைத்திருந்த பொறிகள் அப்படியே இருந்தன. காசு கொடுத்து வாங்கியவருக்குக் கேமுக்குள் கதவு திறக்காமல் ஆட்டம் நின்றுபோனது.

சர்வரை நம்பிய பூட்டுக்கும் இதே கதிதான். 2021 நவம்பரில் டெனுவோவின் ஒரு டொமைன் பெயர் காலாவதியானபோது, காசு கொடுத்து வாங்கிய பல கேம்கள் சிறிது நேரம் திறக்கவே மறுத்தன.

மூன்றாவது வழிக்கு நான் அதிகம் வாதாட வேண்டியதில்லை. 'டூம்' 2016 மே மாதம் டெனுவோவோடு வந்தது, அதே வருஷம் டிசம்பரில் பூட்டை எடுத்துவிட்டார்கள். 2011-இல் 'தி விட்சர் 2' வட்டுப் பதிப்பில் செக்யூரோம் இருந்தது, முதல் பெரிய பேட்சிலேயே போய்விட்டது. அதே கேம் ஜி.ஓ.ஜி தளத்தில் முதல் நாளிலிருந்தே பூட்டில்லாமல் விற்றது. பூட்டில்லாமல் விற்பதையே தொழிலாகக் கொண்டு 2008-இல் தொடங்கிய அந்தத் தளம், 2024 நவம்பரில் 100 பழைய கேம்களை எடுத்து, இவை புதுக் கணினிகளிலும் ஓடும்படி தொடர்ந்து பராமரிப்போம் என்று அறிவித்தது. பழைய கேமைக் காசாக்க விரும்பும் பதிப்பாளர் பார்க்க வேண்டிய இடம் இது.

கேப்காமே இந்த வழியில் நடந்திருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். 2021-இல் 'ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்' வந்தபோது, சில எதிரிகளைச் சுடும் கணத்தில் ஆட்டம் தடுக்கித் தடுக்கி ஓடியது. கிராக் செய்த நகலில் அந்தத் தடுக்கல் இல்லை. திருடியவருக்கு வழவழப்பு, வாங்கியவருக்குத் திணறல். பேட்ச் விட்டுச் சரிசெய்தார்கள், 2023-இல் டெனுவோவையே எடுத்தார்கள். அதே நிறுவனம் மறுவருஷமே ரெவலேஷன்ஸில் பூட்டு மாட்டியது.

என் தீர்ப்பு இதுதான்: புது கேமுக்குப் போட்ட பூட்டை அதன் விற்பனைக் காலம் முடிந்ததும் கழற்ற வேண்டும், விற்ற கேமில் புதுப் பூட்டு கூடவே கூடாது. சும்மா விடுவது இரண்டுக்கும் நடுவில் உள்ள நல்ல வழி போலத் தெரிந்தாலும், அது கேமை மெதுவாகச் சாகவிடுவதுதான். தவிர்க்கவே முடியாமல் பூட்டு போடுகிறவர்கள், பூட்டுக்கு முந்தைய பதிப்பை ஸ்டீமின் பீட்டா கிளையில், அதாவது வேண்டியவர் தேர்ந்தெடுத்து இறக்கிக்கொள்ளும் தனிப் பதிப்பாக, வைத்திருக்கலாம். அதற்கான வசதி ஸ்டீமிலேயே இருக்கிறது. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால்தான் ஸ்டீமில் பணம் திரும்பக் கிடைக்கும். 2013-இல் வாங்கியவருக்குப் பூட்டு 2024-இல் வந்தால், அவருக்குத் திரும்பிப் போக இந்தப் பழைய பதிப்பு ஒன்றுதான் கதி.

நாமும் சிலவற்றைச் செய்துகொள்ளலாம். வாங்கும் முன் ஸ்டீம் பக்கத்தில் வலப்புறம் வேற்று நிறுவனப் பூட்டு என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். விருப்பமான பழைய கேமுக்கு, திறக்கும்போது மட்டும் அப்டேட் ஆகும்படி அமைப்பை மாற்றுங்கள். கேம் ஃபோல்டரை ஒரு வெளி டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள். ஸ்டீமின் சொந்தப் பூட்டு இருந்தால் நகல் தனியாக ஓடாது, ஆஃப்லைனில் ஸ்டீம் திறந்திருக்க வேண்டும்.

அக்காவின் கேம் அப்படி ஒரு நகலால்தான் பிழைத்தது. பழைய மடிக்கணினியை ஒழிப்பதற்கு முன் முழு ஃபோல்டரையும் ஒரு டிஸ்க்கில் போட்டிருந்தேன், மோட் கோப்போடு. அந்தப் பதிப்பை எடுத்துப் போட்டு, ஸ்டீமை ஆஃப்லைனில் வைத்தேன். எழுத்து பெரிதாக வந்தது. இப்போது மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறாள்.