கருங்காலிக் குழலும் சித்திரை வெயிலும்

மூங்கிலை விட்டு மரப் புல்லாங்குழலுக்கு மாறலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். என் கருங்காலி மரக் குழலில் விழுந்த வெடிப்பைப் பட்டறையில் அடைத்து வாங்கிவந்த கையோடு எழுதுவதால் கோபம் சற்றுத் தூக்கலாகத் தெரியலாம்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து கட்டைச் சுருதிக்குக் கடைந்த இந்தக் கருங்காலிக் குழலில், என் பழைய மூங்கிலில் எப்போதும் இறங்கியே நின்ற மேல் ஷட்ஜம் (மேல் ஸ்தாயி ‘ஸ’) சுருதிப் பெட்டியோடு ஒட்டி நிற்கிறது. உள்துளையின் சீரும், ஊதுதுளை விளிம்பின் கூர்மையும், அடைப்புத் தக்கையை வைத்த இடமுமே காரணம். உதட்டிலிருந்து வரும் காற்று அந்த விளிம்பில் மோதி, உள்ளும் வெளியுமாக மாறி மாறிச் சாய்வதால்தான் குழலுக்குள் இருக்கும் காற்று அதிர்கிறது. மரம் வெறும் சுவர். 1971இல் ஜான் கோல்ட்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் வெள்ளி, செம்பு, மரம் ஆகியவற்றில் ஒரே அளவில் குழல்கள் செய்து ஊதவைத்தபோது, கேட்டவர்களால் வேறுபாடு கண்டுபிடிக்க முடியவில்லை. ஆகவே நான் புகழும் நாதம் துளையிட்டவரின் கைக்குச் சேர வேண்டியது. வெடிப்பு மட்டும் முழுக்க மரத்தின் சொத்து.

சித்திரை பிறந்தால் போதும், ஊதுதுளையிலிருந்து நார்வாக்கில் மெல்லிய கோடு ஒன்று கிளம்பிவிடும். உள்சுவர் மூச்சின் ஈரத்தில் உப்ப, வெளிச்சுவர் கும்பகோணத்து வெயிலில் சுருங்க, மரம் பிளக்கிறது. காற்றுக் கசிந்து கீழ் ஸ்தாயி முதலில் சீறுகிறது. ஐப்பசி மழையில் அதே கோடு தானாக மூடிக்கொள்வதால், விற்ற பட்டறையில் அப்போது காட்டினால் குறையே தெரியாது. மரம் எவ்வளவு காலம் காய்ந்தது என்று கேட்டதற்கு, "கருங்காலி சார், இரும்பு மாதிரி" என்றார்கள். (மாலையாகப் போட்டுக்கொள்ள அது போதும்.) நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் கடைபவர்கள் பழைய வீடுகளைப் பிரித்த ஆச்சா மரத்தைத் தேடிப்போவது சும்மா இல்லை; பல்லாண்டு காய்ந்த மரத்தில் இனிச் சுருங்க அதிகம் மிச்சமிருக்காது. எனக்கோ மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து, மேலே நூல் சுற்றித் தந்திருக்கிறார்கள்.

எனவே நண்பரே, கணுவிடை நீண்ட, துளை சீரான மூங்கிலையே தேடுங்கள். குழல் மேதைகளான கும்பகோணத்துச் சரப சாஸ்திரியும் திருவிடைமருதூரில் பிறந்த மாலியும் அதைத்தான் ஊதினார்கள். மூங்கிலும் வெடிக்குமே என்பீர்கள். வெடிக்கட்டும், அது போனால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம், ஆண்டுதோறும் பட்டறை வாசலில் நிற்க வேண்டியதில்லை.