தாத்தா வீட்டுச் சுவரின் கல்லை உயிரோடு பார்த்தேன்

ராமேஸ்வரம் பக்கத்திலுள்ள மண்டபம் ஊரில் எங்கள் தாத்தா வீட்டின் பின்சுவர் பவளக்கல்லால் கட்டியது. பூப்பூவாகத் துளை விழுந்த அந்தக் கல்லில் சாய்ந்துதான் பள்ளிப் பாடம் படித்தேன். உயிரோடு அது எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு 44 வயதாகிவிட்டது.

கடந்த மாசியில், வாடைக்காற்று ஓய்ந்த பிறகு, பாக் விரிகுடாப் பக்கம் புதியவர்களை ஸ்கூபாவுக்கு, அதாவது முதுகில் சிலிண்டரோடு கடலுக்குள் மூழ்கிப் பார்க்க, அழைத்துச் செல்லும் நிலையம் ஒன்றுக்குப் போனேன். எனக்கு நீச்சல் தெரியாது. அதைச் சொன்னதும் இடுப்பளவு தண்ணீரிலேயே முக்கால் மணி நேரம் பழக்கினார்கள். அவசரப்படுத்தவே இல்லை, இதற்காகவே இவர்களை மனதாரப் பரிந்துரைக்கிறேன். சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்று நினைத்திருந்தேன். நாம் சுவாசிக்கும் காற்றையே அழுத்தி அடைத்திருக்கிறார்களாம். கட்டைவிரலை உயர்த்தினால் ‘மேலே போகலாம்’ என்று பொருள். ‘நன்றாக இருக்கிறேன்’ என்பதற்கு விரல்களை வட்டமாகச் சேர்க்க வேண்டும். “அக்கா, எதை மறந்தாலும் மூச்சை மட்டும் அடக்காதீர்கள்” என்றார் பயிற்சியாளர், மீனவர் வீட்டுப் பிள்ளை. மேலே வரும்போது நுரையீரலில் உள்ள காற்று விரியும். அடக்கினால் நுரையீரலே கிழிந்துவிடலாம்.

இறங்கியது மூன்று மீட்டர்தான். அதற்கே காது வலித்தது. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதியதும் விட்டது. கண்ணெதிரே ஆட்டுக்கல் பருமனில் ஒரு மூளைப் பவளம், மஞ்சள் கலந்த பழுப்பில். சுவரில் விரலால் வருடிய அதே வரிகள்! என்னையறியாமல் கை நீண்டது. பயிற்சியாளர் தம்பி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டார். 2001 முதல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில், இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் தொடக்கூடாது, அவ்வளவு மென்மையான உயிர். குழம்பில் மட்டுமே அறிந்த ஓரா மீன்கள் கூட்டமாகப் பாசியைக் கறித்துக்கொண்டிருந்தன. பக்கத்திலேயே பாசி மூடிய செத்த பவளம் நிறைய. 2016-இல் கடல் சூடாகி வெளுத்தவை அவை என்று மேலே வந்ததும் சொன்னார். வெகுநேரம் மனம் கனத்திருந்தது.

படங்களில் வரும் நீலத் தெளிவை எதிர்பார்க்காதீர்கள். நான்கைந்து மீட்டருக்கு அப்பால் கலங்கல்தான். குறைகளும் உண்டு. பெண்கள் உடை மாற்றும் இடத்துக்குத் தார்ப்பாய் மறைப்பு மட்டுமே, தாழ்ப்பாள் இல்லை. வீடியோவுக்குத் தனிக் கட்டணம் என்பதைக் கரையேறிய பிறகே சொன்னார்கள். இரண்டையும் அவர்களிடமே சொல்லிவிட்டு வந்தேன்.

சளி பிடித்திருந்தால் போக வேண்டாம், காது அடைப்பு விடாது. மதுரையில் விமானம் ஏறுபவர்கள் கடலில் மூழ்கி எழுந்த பிறகு குறைந்தது 12 மணி நேரம் இடைவெளி விடுங்கள். பத்து வயது நிறைந்த பிள்ளைகளையும் அழைத்துச் செல்கிறார்கள். என் மகளுக்குச் சித்திரையில் பத்து நிறைகிறது, பதிவு செய்துவிட்டேன்.