மணி பார்த்துச் சாப்பாடு: பையன் பள்ளியின் உணவுத் திட்டம், ஒரு வருட அனுபவம்

கும்பகோணத்தில் என் பையன் படிக்கிற தனியார் பள்ளியில் போன ஜூன் மாதம் இந்தத் திட்டத்தை ஆரம்பித்தார்கள். காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு, சாயங்காலச் சுண்டல் மூன்றும் பள்ளியிலேயே, மூன்றுக்கும் குறித்த நேரம். மாதம் 1,600 ரூபாய் தனியாகக் கட்ட வேண்டும். பிள்ளைகள் குண்டாவதைத் தடுக்கத்தான் இது என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னபோது எனக்கு அரை நம்பிக்கைதான், அளவைக் குறைக்காமல் நேரத்தை மட்டும் மாற்றினால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். ஆனால் அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் குழந்தை மருத்துவர் ஒரு அட்டவணையைக் காட்டியிருந்தார். பிஎம்ஐ என்பது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டுகிற எண். பெரியவர்களின் பிஎம்ஐ 23க்கு ஈடாக ஒரு கோடு, 27க்கு ஈடாக இன்னொரு கோடு. முதலாவதைத் தாண்டினால் அதிக எடை, இரண்டாவதைத் தாண்டினால் உடல் பருமன். எட்டு வயதில் என் பிள்ளை முதல் கோட்டுக்கு மேலே இருந்தான். அதனால் பெயர் கொடுத்தேன்.

அப்போது அவனுடைய ஒரு நாள் எப்படி இருந்தது என்றால், வேனில் பிள்ளையை அனுப்புகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம், ஏழு மணிக்கே வேன் வந்துவிடும். அந்த நேரத்தில் எந்தப் பிள்ளைக்கு இட்லி இறங்கும்? ஒரு டம்ளர் பால், இரண்டு பிஸ்கட், அதோடு மதியம் ஒன்றேகால் வரைக்கும். அப்புறம் விளையாடப் போகிற அவசரத்தில் நாலு வாய், டப்பா பாதியோடு திரும்பி வரும். சாயங்காலம் வேன் நிற்கிற இடத்துப் பெட்டிக்கடையில் பத்து ரூபாய் பாக்கெட், வீட்டுக்கு வந்ததும் பஜ்ஜியோ மிக்சரோ, ஆறரையிலிருந்து எட்டரை வரை ட்யூஷன், ஒன்பதரைக்கு நாலு தோசை, பத்து மணிக்குப் படுக்கை. உட்கார்ந்து எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவன் ஒன்றும் அளவுக்கு மீறித் தின்கிற பிள்ளை இல்லை, தின்றதில் முக்கால்வாசி நாலரை மணிக்கு மேல்தான் உள்ளே போயிருக்கிறது.

பள்ளி கை வைத்தது சரியாக அந்த இடத்தில். எட்டேகாலுக்கு வேன் வந்ததும் முதல் வேலை காலைச் சாப்பாடு. பொங்கல், இட்லி, கிச்சடி, வாரம் ஒரு நாள் கேழ்வரகு அடை. மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு வந்துவிட்டது, அதற்கு முன்னால் இருபது நிமிடம் விளையாட்டு. முன்பெல்லாம் சாப்பிட்டுவிட்டு விளையாடுவார்கள், இப்போது விளையாடிவிட்டுச் சாப்பிடுகிறார்கள். இந்த ஒரு மாற்றத்துக்காகவே அந்தத் தலைமையாசிரியருக்கு நன்றி சொல்லலாம், ஏனென்றால் கீரையைத் தொடாத என் பிள்ளை பசியில் உட்கார்ந்து கீரைக் கூட்டைத் தின்கிறான். மூன்றரைக்கு, வேன் ஏறுவதற்கு முன்னால், சுண்டல் அல்லது அவித்த கடலை, தை மாதத்தில் பனங்கிழங்கு. வயிறு நிறைந்த பிள்ளை பெட்டிக்கடையைப் பார்த்து அழுவதில்லை. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த தின்பண்டம் விற்கக் கூடாது என்று 2020இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டுவந்தது, நல்ல விதிதான், ஆனால் எங்கள் வேன் நிற்கிற கடைக்கு அது எட்டாது. அந்த வேலையைச் சுண்டல்தான் செய்கிறது.

காலையில் உடம்பு சர்க்கரையைச் செலவழிக்கிற திறன் ராத்திரியில் இருப்பதைவிட நன்றாக இருக்கும் என்று மருத்துவரும் சொன்னார். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும், அது குறைந்தால் மறுநாள் பசியும் இனிப்பு ஆசையும் கூடும். நேரம் கழித்துச் சாப்பிட்டால் தூக்கமும் சேர்ந்து கெடுகிறது.

குறைகளும் உண்டு, சொல்லாமல் விட மாட்டேன். முதல் இரண்டு மாதம் எடை பார்ப்பதை வகுப்பில் எல்லார் முன்னாலும் செய்தார்கள், எண்ணைச் சத்தமாக வாசித்தார்கள். என் பையன் அன்றைக்கு ராத்திரி சாப்பிடாமல் படுத்தான். மறுநாளே போய்ச் சண்டை போட்டேன், இன்னும் நாலு அம்மாக்கள் கூட வந்தார்கள். இப்போது தனி அறையில் பார்த்து, மூடிய கவரில் நம்மிடம் தருகிறார்கள். எந்தப் பள்ளி இதை ஆரம்பித்தாலும் முதல் நாளிலிருந்தே இப்படித்தான் செய்ய வேண்டும், பிள்ளைக்குத் தன் உடம்பின் மேலேயே வெட்கம் வந்துவிட்டால் அப்புறம் எந்தத் திட்டமும் பலிக்காது. இன்னொன்று, மதியச் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் போதவே போதாது. மெதுவாகச் சாப்பிடுகிற பிள்ளைகள் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள், அரை மணியாவது கொடுங்கள்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். திருக்குவளைப் பக்கம் என் அக்கா மகள் அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கிறாள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 அன்று அந்தத் திருக்குவளையிலிருந்துதான் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. அவளுக்கு வகுப்புக்கு முன்னால் சூடாக உப்புமாவும் சாம்பாரும் இலவசம். அந்தத் திட்டம் பசிக்காக வந்தது, எடைக்காக அல்ல, ஆனாலும் வகுப்புக்கு முன்னால் வயிறு நிறைவது இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றுதான். 1,600 கட்ட முடியாமல் எங்கள் பள்ளியில் டப்பாவோடு தனியாக உட்கார்கிற பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாட்டையாவது பள்ளி இலவசமாகக் கொடுக்க வேண்டும்.

பலன்? ஒரு வருடத்தில் உயரம் ஆறு சென்டிமீட்டர் ஏறியது, எடை ஒரு கிலோதான் கூடியது. வளர்கிற பிள்ளைக்கு எடை குறைய வேண்டியதில்லை, உயரம் ஏற ஏற எடை நின்றால் போதும் என்றார் மருத்துவர். இப்போது கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கிறான். நேரத்தால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன், பாக்கெட் நின்றதும் சேர்ந்துதான்.

வீட்டில்தான் கஷ்டம். ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்குள் என்று பள்ளி டைரியில் எழுதி அனுப்புகிறார்கள். "இப்பவே சாப்பிட வச்சா நடுராத்திரி பசிக்குமேம்மா, பிள்ளை எழுந்து அழமாட்டானா?" என்று அவனுடைய அப்பாயிக்கு முதலில் மனசே ஆறவில்லை. ஒரு வாரம் பார்த்தார், அவன் எழுந்திருக்கவில்லை, இப்போது அவரே ஏழு மணிக்குத் தட்டு வைக்கிறார். இடைஞ்சல் ட்யூஷன்தான். எட்டரைக்கு முடிகிற ட்யூஷனை வைத்துக்கொண்டு ஏழரைக்கு எப்படிச் சாப்பிடுவது? இதில் சேரப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் அதைப் பேசி முடித்துவிடுங்கள். எங்கள் ட்யூஷன் சார் ஐந்து மணிக்கு மாற்ற ஒத்துக்கொள்ளவே மூன்று மாதம் ஆனது.