கொடியா, பஸ்ஸரா, ஹெட்செட்டா? கடற்கரைக் கால்பந்தில் நடுவர்கள் பேசிக்கொள்ளும் வழிகள்

குமரி மாவட்டக் கடற்கரையின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் ஒரு கால்பந்துப் போட்டி என்றால், மைதானத்தின் பக்கக்கோட்டை ஒட்டி ஓடும் துணை நடுவரின் முதுகில் கூட்டம் மூச்சு விடும். பந்து முன்னால் போனதும் ஒரு சாரார் 'ஆஃப்சைடு' (பந்து வரும் முன்பே எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி நின்ற குற்றம்) என்பார்கள், மறுசாரார் 'இல்லை' என்பார்கள். இந்த இரைச்சலுக்குள் துணை நடுவர் தான் கண்டதை நடுவருக்கு எப்படிச் சொல்வது?

என் கணக்கில் கொடிக்குத்தான் முதலிடம். பந்து மேல்கம்பத்தில் பட்டு, கோட்டுக்கு உள்ளே விழுந்து, வெளியே துள்ளி வருகிறது. நடுவர் தொலைவில் இருக்கிறார். துணை நடுவர் கொடியை உயர்த்தி அவர் பார்வையை இழுக்கிறார். கண்கள் சந்தித்ததும் கொடியை இறக்கிவிட்டு நடுக்கோட்டை நோக்கி விரைகிறார். கோல்! ஒரு வார்த்தை தேவைப்படவில்லை. ஆஃப்சைடிலும் அப்படியே: விசில் ஊதிய பிறகு கொடி மேல்நோக்கிச் சாய்ந்தால் மைதானத்தின் மறுகோடியில் இருக்கும் ஆட்டக்காரர், கிடைமட்டமானால் நடுவில் இருப்பவர், கீழ்நோக்கினால் பக்கத்தில் இருப்பவர். விதிப்புத்தகத்தில் இல்லாத சைகைகளையும் நடுவர்கள் வைத்துக்கொள்வதுண்டு. மார்பில் கைவைத்தால் மஞ்சள் அட்டை, பின்பையைத் தொட்டால் சிவப்பு. ஆட்டத்துக்கு முன்பே மூவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்திருக்க வேண்டும். நம் ஊர்ப் போட்டிகளில் அந்த நேரம் பெரும்பாலும் சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துவதில் கரைந்துவிடுகிறது.

நடுவர் திரும்பிப் பார்க்காவிட்டால் கொடியால் பயனில்லை. அதற்காகவே பஸ்ஸர் கொடி வந்தது. பிடியிலுள்ள பொத்தானை அழுத்தினால் நடுவரின் கையில் கட்டிய பட்டை அதிரும். நல்லதுதான், ஆனால் 'இங்கே பார்' என்பதைத் தாண்டி அது எதையும் சொல்லாது.

ஹெட்செட் எல்லாவற்றையும் சொல்லும். 2006 ஜெர்மனி உலகக் கோப்பையிலேயே நடுவர்கள் அதை அணிந்துவிட்டார்கள். நம் கடற்கரையில் காற்று மைக்கில் இரையும். போதாதற்கு ஒலிபெருக்கியில் வர்ணனையாளர் வேறு. 'ஆஃப்சைடு இல்லை' என்று துணை நடுவர் சொல்ல, கடைசிச் சொல் இரைச்சலில் போனால் நடுவர் விசில் ஊதிவிடுவார். குற்றம் இல்லையென்றால் 'விளையாடு' என்று மட்டுமே சொல்வது என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டவர்களுக்குத்தான் இந்தக் கருவி உதவும்.

நேரே நடந்து போய்க் கேட்பது இன்னொரு வழி. பேஸ்பாலில் மட்டை வீச்சு பாதியில் நின்றதா என்ற ஐயம் வந்தால், பந்து பிடிப்பவருக்குப் பின்னால் நிற்கும் நடுவர் எல்லோர் முன்னிலையிலும் முதல் அல்லது மூன்றாம் தளத்து நடுவரைக் கைகாட்டிக் கேட்கிறார். யாரும் அதைக் குறைவாக நினைப்பதில்லை. நம்மவர்களுக்கு அது கௌரவப் பிரச்சினை! கால்பந்தில் ஆட்டம் மறுபடி தொடங்கும்வரை முடிவை மாற்ற விதியே இடம் தருகிறது. இரு அணிகளையும் தள்ளி நிற்க வைத்து, நடுவரும் துணை நடுவரும் மைதானத்தைப் பார்த்தபடி அரை நிமிடம் பேசினால் போதும். கோல் விழுந்ததா என்ற தகராறுக்கு இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

போட்டிக் குழுவினர் ஹெட்செட் வாங்குவதானால் முதல் சுற்றிலிருந்தே கொடுக்கட்டும். தொடக்க ஆட்டங்களைக் கொடியோடு நடத்திய மூவரின் காதில் இறுதி ஆட்டத்தன்று மட்டும் அதை மாட்டிவிடுவது இருப்பதிலேயே மோசமான தேர்வு.