அப்பாவின் காதுக்கும் தம்பியின் லேப்டாப்புக்கும் நடுவில் ஒரு ஸ்விட்ச்

இந்த முறை ஊரில் மூன்று வாரம். வங்கி வேலை, டிக்கெட் மாற்றும் வேலை எல்லாம் ஒழுங்காக முடிந்துவிட்டதால் அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. விடுமுறையில் முழுசாக இரண்டு நாளைத் தின்றது தம்பியின் லேப்டாப்.

அப்பாவுக்குப் புதுக் காதுக் கருவி வாங்கிக்கொண்டு போயிருந்தேன், எல்இ ஆடியோ (ப்ளூடூத்தில் சத்தம் அனுப்பும் புது முறை) உள்ளது. வீடியோ காலில் நாங்கள் பேசுவது நேரே அவர் காதுக்குள் போய்விடும், வீடே சேர்ந்து கத்த வேண்டாம் என்று கணக்கு. லேப்டாப்பில் சேர்த்தால் பெயர் வருகிறது, 'கனெக்டட்' என்றும் காட்டுகிறது, சத்தம் மட்டும் ஸ்பீக்கரில்தான்.

சரி என்று சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பழைய கதைதான்: "வச்சுட்டுப் போங்க சார், சாயங்காலம் பார்க்கலாம்." எந்தச் சாயங்காலம் என்று உங்களுக்கே தெரியும். மறுநாள் போனால், அங்கிருந்த பெரியவர் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ப்ளூடூத் அடாப்டரின் அட்வான்ஸ்டு பக்கத்தில் எல்எம்பி 12 என்று (ப்ளூடூத் எந்தப் பதிப்பு என்று காட்டும் எண்) இருந்த இடத்தில் விரலை வைத்தார். "இது ப்ளூடூத் 5.3 சார், எல்லாமே எடுக்கும். உங்க காது மிஷின்லதான் கோளாறு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் 12 என்றால் 5.3 என்பது உண்மைதான், அதில்தான் ஏமாந்து போகிறோம். எல்இ ஆடியோவுக்கு வழிவிட்டது 2020இல் வந்த 5.2. அதற்கு மேற்பட்ட எண் இருந்தாலும் எல்இ ஆடியோ கட்டாயமில்லை, தயாரிப்பாளர் விரும்பினால் விட்டுவிடலாம். ப்ளூடூத் சிப், அதன் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்), சவுண்ட் டிரைவர், கூடவே விண்டோஸ் 11 (22எச்2 பதிப்பு அல்லது அதற்குப் பின்), இந்த நாலும் ஒத்துக்கொண்டால்தான் உண்டு. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் தேடவே வேண்டாம்.

இதை எனக்குச் சொன்னது ஓரமாக உட்கார்ந்து ஸ்க்ரூ கழற்றிக்கொண்டிருந்த பையன். "அண்ணா, நம்பரைப் பார்க்காதீங்க, ஸ்விட்ச் இருக்கான்னு பாருங்க" என்று செட்டிங்ஸில் 'ப்ளூடூத் அண்ட் டிவைசஸ்', அதற்குள் 'டிவைசஸ்', கீழே இறங்கி 'டிவைஸ் செட்டிங்ஸ்' வரை போனான். அங்கே 'யூஸ் எல்இ ஆடியோ வென் அவைலபிள்' என்று ஒரு ஸ்விட்ச் இருக்க வேண்டுமாம். எங்கள் லேப்டாப்பில் இல்லை. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அந்த மாடலுக்கான ப்ளூடூத், சவுண்ட் டிரைவர் இரண்டையும் இறக்கிப் போட்டு ரீஸ்டார்ட் செய்தான். ஸ்விட்ச் வந்து உட்கார்ந்திருந்தது! எல்லா மாடலுக்கும் வராது, உங்களுக்கு அதிர்ஷ்டம் என்றான்.

நான் இருக்கும் நாட்டில் என்றால் சீரியல் நம்பர் கேட்டு, புகார் எண் கொடுத்து, 'சாட்'டில் நாற்பது நிமிடம் மரியாதையாகக் காக்க வைத்து, கடைசியில் புதுசு வாங்கச் சொல்லியிருப்பார்கள். இங்கே மரியாதையும் இல்லை, புகார் எண்ணும் இல்லை, வேலை மட்டும் நடந்தது. அந்தப் பையனை முதல் நாளே கூப்பிட்டிருக்கலாமே என்றுதான் வயிறு எரிகிறது.

வீட்டுக்கு வந்து பழைய இணைப்பை நீக்கிவிட்டுக் கருவியைப் புதிதாகச் சேர்த்தேன் (இதைச் செய்யாமல் அரை மணி நேரம் முழித்தது தனிக் கதை). மாடிக்குப் போய் என் போனிலிருந்து வீடியோ காலில் கூப்பிட்டு, பழக்கதோஷத்தில் "அப்பா, கேக்குதா?" என்று அலறினேன்.

"ஏன்டா கத்துறே?" என்றார்.