அணில் சத்தமும் இரண்டு பெல்ட்டுகளும்: என் 1999 மியாட்டா

கனடாவின் பிராம்ப்டனில் இருக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் 2000-ஆம் ஆண்டு மாஸ்டா மியாட்டா கார் ஒன்றை வாங்கிவிட்டு, எஞ்சின் பெல்ட்டுகளை டீலரிடம் வாங்குவதா, வெளிக் கம்பெனியுடையதை வாங்குவதா என்று என்னிடம் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்லிவிடக் கூடிய கேள்விதான். ஆனால் என்னுடைய 1999 மியாட்டாவில் இரண்டையும் மாட்டி, இரண்டோடும் சண்டை போட்டவன் என்பதால் என் பதில் இவ்வளவு நீண்டுவிட்டது.

இந்த 1.8 லிட்டர் எஞ்சினின் முன்பக்கத்தில் வெளியே தெரிவது இரண்டு பெல்ட்டுகள். ஒன்று பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரையும் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. மற்றது பவர் ஸ்டீயரிங்கையும் ஏசியையும் பார்த்துக்கொள்கிறது. வால்வுகளைப் பிஸ்டன்களோடு தாளம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட் மூடிக்குள் இருப்பது. அதைப் பின்னால் சொல்கிறேன். என் வயிற்றெரிச்சலெல்லாம் முதலில் சொன்ன ஆல்டர்னேட்டர் பெல்ட்டைப் பற்றியதுதான்.

2012-இல் நான் வாங்கியபோது வண்டியில் இருந்தது பழைய நியோப்ரீன் ரப்பர் பெல்ட். உட்புறத்தில் நீளவாக்கில் ஓடும் வரிகளின் குறுக்கே வெடிப்பு விழுந்திருந்ததால், மாற்ற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. டீலரின் பாகங்கள் கவுண்டரில் இருந்தவர் விலையைச் சொன்னார். வந்து சேரப் பத்து நாள் ஆகும் என்றார். இவ்வளவு பழைய வண்டியை இன்னும் ஓட்டுகிறீர்களா என்று கேட்காத குறையாக ஒரு பார்வையும் பார்த்தார். அன்று மாலையே வெளிக் கடையில் அதே அளவு பெல்ட்டைப் பாதிக்கும் குறைவான விலைக்கு வாங்கிவிட்டேன். அளவைச் சரிபார்ப்பது கடினமில்லை: 4பிகே என்று அச்சிட்டிருந்தால் நான்கு வரிகள் கொண்ட பெல்ட் என்று பொருள், அதை அடுத்து வரும் எண் மில்லிமீட்டரில் அதன் நீளம்.

அந்த வெளிப் பெல்ட் ஒன்பது கோடைகள் ஓடியது. நவம்பரில் கராஜுக்குள் போய் ஏப்ரலில் வெளியே வரும் வண்டி என்பதால் கிலோமீட்டர் கணக்கு குறைவுதான். ஆனாலும் ஒரு வெடிப்புகூட விழாததைக் கண்டு ஒவ்வொரு வசந்தத்திலும் நான் பூரித்துப் போனேன். அந்தப் பூரிப்புக்குப் பொருளில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இன்றைய பெல்ட்டுகள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்னும் ரப்பரால் ஆனவை. அவை நியோப்ரீனைப் போல எளிதில் வெடிப்பதில்லை, டயரைப் போல மெல்ல மெல்லத் தேய்கின்றன. வரிகளின் பள்ளம் அகன்று பெல்ட் தன்னைத் தாங்கும் சக்கரமான புல்லிக்குள் கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டாலும், மேலோட்டமாகப் பார்ப்பவருக்குப் புதியது போலவே தோன்றும். பெல்ட் கம்பெனிகள் தரும் சிறிய பிளாஸ்டிக் அளவியை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தால்தான் தேய்மானம் தெரியும். நான் வைத்துப் பார்த்தேன். பெல்ட் நன்றாகவே இருந்தது.

இருந்தும் 2021-இன் கோடையில் சத்தம் தொடங்கியது. ஈரமான காலைகளில் ஸ்டார்ட் செய்தவுடன் நீளமாகக் கிறீச்சிடுமே, அந்த வகை இல்லை. அது பெல்ட் தளர்ந்து வழுக்கும் சத்தம். இதுவோ கீச், கீச், கீச் என்று ஒரே சீராக, எஞ்சின் வேகம் கூடக் கூடத் தானும் வேகம் கூடி, பானெட்டுக்குள் ஓர் அணில் குடியேறியது போல ஒலித்தது. கூரையை இறக்கி ஓட்டுவதற்காகவே வாங்கிய வண்டியில், ஒவ்வொரு சிக்னலிலும் பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கேட்டது. மலிவாக வாங்கியதன் பலன் இது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். இடையில் பெல்ட்டின் மீது தெளிக்கும் ஸ்பிரே ஒன்றையும் அடித்துப் பார்த்தேன்; இரண்டு நாள் அமைதிக்குப் பிறகு அதில் தூசி ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். ஊரில் அப்பாவின் அம்பாசடருக்கு ஃபேன் பெல்ட்டில் சோப்பைத் தேய்ப்பார்கள். அந்த வைத்தியத்துக்கும் இந்த ஸ்பிரேக்கும் விலையைத் தவிர வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே டீலரிடம் தலைகுனிந்து போய், பத்து நாள் காத்திருந்து, இரட்டிப்புக்கும் மேல் கொடுத்து ஒரிஜினல் பெல்ட்டை வாங்கி மாட்டினேன். சத்தம் நின்றது. நண்பர்கள் எல்லாரிடமும் ஒரிஜினலின் பெருமையைப் பாடினேன். சரியாக இரண்டு வாரத்தில் அணில் திரும்பி வந்தது.

விடை கிடைத்த இடம் ஸ்கார்பரோவில் உள்ள ஒரு சிறிய கராஜ். அதை நடத்தும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, செடிகளுக்குத் தெளிக்கும் பாட்டிலால் பெல்ட்டின் வரிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சினார். சத்தம் சட்டென்று அடங்கியது. சில விநாடிகளில் மறுபடி தொடங்கியது. தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் இழுவிசை போதவில்லை என்றும், அடங்கித் திரும்பினால் புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை என்றும் விளக்கினார். பிறகு எஞ்சினிலிருந்து பெல்ட்டைச் சுழற்றும் கிராங்க் புல்லியின் நடுப்பகுதிக்கும் வெளி வளையத்துக்கும் குறுக்கே வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்து, என்னை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வரச் சொன்னார். வந்து பார்த்தால் கோடு இரண்டாக உடைந்து, விரல்நகம் அகலத்துக்கு விலகி நின்றது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் இருபது ஆண்டுக்கு மேலான வயதால் பிடிப்பை இழந்திருந்தது. வெளி வளையம் நழுவியதோடு, சற்றே கோணலாகவும் சுற்றிக்கொண்டிருந்தது.

"தம்பி, பெல்ற்றில ஒரு பிழையும் இல்லை. நீங்கள் சும்மா காசைக் கொட்டியிருக்கிறியள்" என்றார்.

புல்லியை மாற்றினோம். கழற்றி வைத்திருந்த பழைய வெளிப் பெல்ட்டை, ஸ்பிரேயின் பிசுக்கைத் துடைத்துவிட்டு, வீம்புக்காக மறுபடி மாட்டினேன். அந்தக் கோடை முழுவதும் அது சத்தமே எழுப்பவில்லை. நியாயமாகப் பேசினால் வழக்கு இங்கேயே முடிந்துவிட்டது. கார் கம்பெனிகள் பெல்ட்டைத் தாமே செய்வதில்லை. பாண்டோ, மிட்சுபோஷி, கேட்ஸ் போன்ற பெல்ட் தொழிற்காரர்களிடம் வாங்கித் தம் பெட்டியில் இடுகிறார்கள். பெயர் பெற்ற வெளிக் கம்பெனியின் பெல்ட்டும் டீலருடையதும் சரியாக இழுத்துக் கட்டப்பட்டால் ஒன்றுபோலவே உழைக்கின்றன. இழுத்துக் கட்டுவதில்தான் பலரும் தவறுகிறார்கள். புதிய பெல்ட்டுக்கும் ஓடிய பெல்ட்டுக்கும் கையேடு வெவ்வேறு அளவு கொடுத்திருக்கிறது: இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஏறத்தாழ 10 கிலோ விசையில் அழுத்தினால் எத்தனை மில்லிமீட்டர் உள்வாங்க வேண்டும் என்ற கணக்கு அது. மாட்டிச் சிறிது நேரம் ஓட்டியபின் மறுபடி பார்க்காவிட்டால், எவ்வளவு விலை உயர்ந்த பெல்ட்டும் தளர்ந்து கிறீச்சிடும். அளவுக்கு மீறிய இறுக்கமோ தண்ணீர் பம்பின் பேரிங்கைத் தின்றுவிடும்.

டைமிங் பெல்ட்டின் கணக்கு வேறு. 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். இந்த எஞ்சினில் அது அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்வதில்லை என்பதால் வண்டி வழியில் நிற்குமே தவிர எஞ்சின் சிதறாது. ஆனால் அந்த இடத்துக்குப் போய்ச் சேரும் கூலிக்கு முன்னால் பெல்ட்டின் விலை ஒரு பொருட்டே அல்ல. எப்படியும் தண்ணீர் பம்பையும் ஆயில் சீல்களையும் அப்போதே மாற்றிவிடுவது வழக்கம். அதில் நாற்பது டாலர் மிச்சம் பிடிக்க நான் முயலமாட்டேன், டீலருடையதையே வாங்குவேன்.

எஞ்சினின் முன்னால் தெரியும் அந்த இரண்டு பெல்ட்டுகளுக்கோ, என் அனுபவம் முழுவதும் வெளிக் கம்பெனியின் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. நண்பரிடமும் அதையே வாங்கச் சொல்லிவிட்டேன். ஆனால் இன்று என் வண்டியைத் திறந்து பார்ப்பவர் காண்பது டீலரின் பெல்ட்டை. சென்ற ஏப்ரலில் வண்டியை வெளியே எடுத்தபோது, அந்தப் பழைய பெல்ட்டைக் கழற்றிவிட்டு இதை மாட்டினேன். குற்றமற்றது என்று நிரூபணமான பிறகும், பானெட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்தால் எனக்கு அணில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது இப்போது டிக்கியில், இரண்டு ஸ்பானர்களோடு சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது.