மாக்ஸ் லிண்டரா, ஆந்த்ரே டீடா? முதல்ல யார பாக்கலாம்

ஊமைப்பட காமெடியில சாப்ளினுக்கு முன்னாடி யாருடா இருந்தாங்கன்னு தேடிட்டு போனா பிரான்ஸ்ல ரெண்டு பேர் வந்து நிக்கிறாங்க, ரெண்டு பேருமே பாத்தேங்கிற பிரெஞ்சு சினிமா கம்பெனி ஆளுங்கதான்.

டீட் மேடையில பாட்டு, பல்டின்னு வளந்தவரு, ஆரம்பகால சினிமா டைரக்டர் மெலியெஸ் படத்துலயும் தல காட்டியிருக்காரு. பாத்தேல இவருக்கு பேரு புவாரோ. வெண்கலக் கடையில யான புகுந்த மாதிரி, இவர் கால வச்ச வீட்ல ஒரு நாற்காலி உருப்படியா இருக்காது. 1908 கடைசில இத்தாலிக்காரங்க டூரினுக்கு தூக்கிட்டு போயிட்டாங்க, அங்க கிரெட்டினெட்டின்னு பேர் மாத்தி இன்னும் பெரிய ஸ்டார் ஆயிட்டாரு.

இவரு காலி பண்ண இடந்தான் லிண்டருக்கு வழி விட்டுச்சு. போர்தோ பக்கம் திராட்சத் தோட்டக்காரர் வீட்டுப் பையன், நிஜப் பேரு காப்ரியேல் லூவியேல், 1883-ல பொறந்தவரு. பட்டுத் தொப்பி, கைத்தடி, நறுக்குன மீசன்னு மாப்ள மாதிரி வருவாரு, 1907-லயே அதே டிரெஸ்ல ஐஸ்ல ஸ்கேட்டிங் பழகப் போயி விழுந்து விழுந்து எந்திரிப்பாரு. குப்புற விழுந்தாலும் மீசையில மண் ஒட்டலன்னு சொல்லுவோமே, அதையே பொழப்பா வச்சிருந்த மனுஷன்.

வித்தியாசம் இங்கதான். 1909-ல வந்த ஒரு கிரெட்டினெட்டி படத்துல டீட் அழகுல மயங்கி பொண்ணுங்க தொரத்திட்டு வந்து ஆள கை வேற கால் வேறயா பிச்சுப் போட்டுர்றாங்க, அப்புறம் அந்தத் துண்டெல்லாம் தானா ஒண்ணு சேந்து எந்திரிக்குது, பாக்க செம ஜாலியா இருக்கும், ஆனா வரிசையா நாலு படம் பாத்தா தலவலிதான். லிண்டர் வேற ரகம். 1921-ல ஹாலிவுட்ல எடுத்த 'செவன் இயர்ஸ் பேட் லக்'ல வேலக்காரங்க பெரிய கண்ணாடிய ஒடச்சிட்டு, சமையக்காரருக்கு லிண்டர் மாதிரியே டிரெஸ் மாட்டி வெறும் ஃபிரேமுக்குப் பின்னாடி நிக்க வச்சிருவாங்க. ராத்திரி குடிச்ச மப்பு தெளியாம ஷேவ் பண்ண வர்ற லிண்டர் ஒவ்வொண்ணா செஞ்சு பாப்பாரு, அந்தாளு அப்படியே திருப்பி செய்வாரு, சந்தேகம் முகத்துல கொஞ்சம் கொஞ்சமா ஏறும் பாருங்க, அது நடிப்பு. கடைசில புரிஞ்சுகிட்டு ஷூவ வீசுவாரு, அதுக்குள்ள அங்க நெஜக் கண்ணாடி வந்துருக்கும்.

என் ஓட்டு லிண்டருக்குத்தான், சாப்ளினே தன்ன இவரோட சிஷ்யன்னு போட்டோல எழுதிக் குடுத்துருக்காரு. ஆனா லிண்டருக்கு விதி சரியில்ல, முதல் உலகப் போர்ல கெட்ட உடம்பு தேறவேயில்ல, சாப்ளின் விட்டுட்டுப் போன இடத்துக்கு எஸ்ஸனேங்கிற அமெரிக்க சினிமா கம்பெனி கூப்டு மூணே படத்தோட திரும்ப வேண்டியதாப் போச்சு, 1925 கடைசில பாரிஸ் ஹோட்டல்ல இவரும் இளவயசு மனைவியும் செத்துப் போனாங்க. அப்ப கைக்குழந்தையா இருந்த பொண்ணு மாட் லிண்டர்தான் பின்னாடி படச்சுருள தேடித் தேடி சேத்து, 1963-ல மூணு அமெரிக்கப் படத்த ஒண்ணாக்கி வெளியிட்டாங்க. டீடுக்கு அப்படி ஒரு ஆள் அமையல, அவரே 1921-ல எடுத்த ரோபோ படம் 'மெக்கானிக்கல் மேன்' கூட இப்ப ஏறக்கொறைய 26 நிமிஷந்தான் மிச்சம்.

அதனால முதல்ல அந்தக் கண்ணாடி சீன். டீட வேணும்னா அந்த 26 நிமிஷத்துல புடிங்க, கடைசில ரெண்டு ரோபோ மோதிக்கும், மிஸ் பண்ணாதீங்க.